டிப்ளமசி ஆட்டத்தில் ஆர்டர்கள் மோதிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளமசி ஆடும் எங்கள் கூட்டத்தில் சீட்டுகளைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை என்னுடையது. பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று பல ஊர்களிலிருந்து ஆட வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, ஓய்வு பெற்ற வாத்தியார்களும் உண்டு. வாக்குவாதம் கிளம்புவது பெரும்பாலும் அதே சில இடங்களில்தான். அவற்றை இங்கே ஒரே பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்பது புரிந்தால்தான் ஆட்டம் நன்றாக இருக்கும்.

இது என்ன ஆட்டம்? ஒரு முறைகூட ஆடாதவருக்குச் சொல்லுங்கள்.

அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-ல் வடிவமைத்து, 1959-ல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் வெளியிட்ட ஆட்டம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாதான் பலகை. 1901 வசந்த காலத்தில் ஆட்டம் தொடங்கும். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள், ஏழு பேர். பலகையில் 34 சப்ளை சென்டர்கள், அதாவது படைகளைத் தாங்கும் முக்கியப் பகுதிகள், இருக்கின்றன. 18 பிடித்தவர் ஜெயித்தவர்.

பகடை கிடையாது. முதலில் பேச்சுவார்த்தை, அப்புறம் ஒவ்வொருவரும் தன் படைகளுக்கு என்ன உத்தரவு என்று சீட்டில் ரகசியமாக எழுதுவார்கள். எல்லாச் சீட்டையும் ஒரே சமயத்தில் பிரிப்போம். ஒரு படைக்கு எழுதக்கூடிய ஆர்டர் நாலே வகை: நிற்பது, போவது, இன்னொரு படைக்குச் சப்போர்ட் கொடுப்பது (அதன் பலத்தில் ஒன்றைக் கூட்டுவது), கடலில் இருக்கும் கடற்படையாக இருந்தால் தரைப்படை ஒன்றைக் கான்வாயாகக் கடல் தாண்டிக் கடத்தி விடுவது. தரைப்படையோ கடற்படையோ, எல்லாவற்றுக்கும் பலம் ஒன்றுதான். ஒரு பகுதியில் ஒரு படைதான் இருக்கலாம். இத்தனை எளிமையான விதிகளிலிருந்துதான் கீழே வரும் எல்லாச் சிக்கலும் முளைக்கிறது.

ஆடுபுலியும் தாயமும் சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன். இது மட்டும் ஏன் தலையைச் சுற்றுகிறது?

ஆடுபுலியில் ஆடு நகர்ந்த பிறகு புலி பார்த்து நகரும். தாயத்தில் அவரவர் முறை வரும். டிப்ளமசியில் முறையே இல்லை. தொடக்கத்தில் பலகையில் நிற்கும் 22 படைகளும் ஒரே நொடியில் அசைகின்றன. "அவர் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேனே" என்று யாராவது சொன்னால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். "வருவதற்குள்" என்ற ஒன்று இந்த ஆட்டத்தில் கிடையாது.

அப்படியானால் நடுவர் எங்கிருந்து தொடங்குவது? நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று கடைமடையில் நின்று பார்த்தால் தெரியாது. மேலே எந்த ஷட்டர் திறந்திருக்கிறது என்று தலைமடையிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். சீட்டுகளும் அப்படித்தான். மற்ற எந்த ஆர்டரின் முடிவையும் நம்பி நிற்காத ஆர்டர் எது என்று முதலில் தேடுங்கள். அதைத் தீர்த்துவிட்டால் அதை நம்பியிருந்த அடுத்தது தீரும், பிறகு அதற்கடுத்தது. நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் அதே வரிசையில்தான் போகும்: ஆர்டர் செல்லுமா, எந்தச் சப்போர்ட் அறுந்தது, மீதிப் பலம் எவ்வளவு, யார் போனார், யார் விரட்டப்பட்டார்.

சம பலத்தில் இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போனால்?

இரண்டு பேரும் முட்டித் திரும்புவார்கள், இடம் காலியாகவே கிடக்கும். முதல் சுற்றிலேயே இதைப் பார்க்கலாம். ரஷ்யா செவஸ்டபோலிலிருந்தும் துருக்கி அங்காராவிலிருந்தும் கருங்கடலுக்குக் கடற்படையை அனுப்பும், இரண்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். வார்சா, வியன்னா படைகள் கலீசியாவில் முட்டிக்கொள்வதும் இதே கதைதான். மூன்று பேர் முட்டினாலும் கணக்கு மாறாது. மற்ற ஒவ்வொருவரையும்விடப் பலம் கூடியவர் மட்டுமே உள்ளே போவார்.

சப்போர்ட் யார் யாருக்குக் கொடுக்கலாம்?

நீங்களே போகக்கூடிய இடத்துக்கு மட்டும்தான் சப்போர்ட் கொடுக்க முடியும். சப்போர்ட் வாங்குகிற படை உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. அது போய்ச் சேரும் இடம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்த நாட்டுப் படைக்கும் கொடுக்கலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. எழுதிய சப்போர்ட்டும் நடந்த ஆர்டரும் பொருந்த வேண்டும். மூனிக் படை பர்கண்டிக்குப் போகச் சப்போர்ட் என்று நீங்கள் எழுதியிருக்க, மூனிக் படை நின்றுவிட்டால் உங்கள் சப்போர்ட் வீண். அது தானாக மாறி, நிற்கும் படைக்கு உதவாது. அதேபோல, போகச் சொல்லி எழுதிய படை முட்டித் திரும்பி நின்றால், அது நிற்பதற்கென்று கொடுத்த சப்போர்ட்டும் வேலை செய்யாது. ஆனால் சப்போர்ட் கொடுத்துக்கொண்டோ கான்வாய் செய்துகொண்டோ இருக்கும் படை நிற்கிற படைதான். அதற்கு நிற்கும் சப்போர்ட் தாராளமாகக் கொடுக்கலாம்.

சப்போர்ட் எப்போது அறுபடும்?

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் ஆட்டத்தில் பாதி புரிந்த மாதிரி. அதனால் ஒரே காட்சியை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுகிறேன்.

பர்கண்டியில் பிரெஞ்சுப் படை. ஜெர்மனி மூனிக்கிலிருந்து பர்கண்டிக்குப் போகிறது, ரூரில் இருக்கும் ஜெர்மன் படை அதற்குச் சப்போர்ட். யாரும் குறுக்கிடாவிட்டால் இரண்டுக்கு ஒன்று, பர்கண்டி விரட்டப்படும்.

முதல் விதம். பெல்ஜியத்தில் இருக்கும் இங்கிலாந்துப் படை ரூரைத் தாக்குகிறது. ஒன்றுக்கு ஒன்று, தாக்குதல் தோற்றுப்போகும், இங்கிலாந்துப் படை பெல்ஜியத்திலேயே நிற்கும். இருந்தாலும் ரூரின் சப்போர்ட் அறுந்துவிட்டது. தாக்குதல் ஜெயிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, தாக்கினாலே போதும். மூனிக் இப்போது ஒன்றுக்கு ஒன்றாக முட்டித் திரும்பும். தோற்கப்போகிற தாக்குதலை எழுதுவது வீண் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்ற அதைவிடச் சிக்கனமான வழி இந்த ஆட்டத்தில் இல்லை.

இரண்டாவது விதம். பெல்ஜியம் சும்மா இருக்கிறது. தாக்கப்படும் பர்கண்டியே திரும்பி ரூரைத் தாக்குகிறது. இப்போது சப்போர்ட் அறுபடாது. எந்த இடத்துக்கு எதிராகச் சப்போர்ட் கொடுக்கப்படுகிறதோ, அந்த இடத்திலிருந்தே வரும் தாக்குதல் சப்போர்ட்டை அறுக்காது என்பது விதி. பர்கண்டி விரட்டப்படும். இந்த விதி இல்லாவிட்டால் தாக்கப்படுகிற ஒவ்வொருவரும் சப்போர்ட் கொடுப்பவர் மேல் பாய்ந்தே தப்பித்துவிடுவார்கள், யாரையும் அசைக்க முடியாது. எனக்கு இது மிகவும் பிடித்த விதி.

மூன்றாவது விதம். பர்கண்டி ரூரைத் தாக்குகிறது, பெல்ஜியத்தில் இருக்கும் இங்கிலாந்துப் படை அதற்குச் சப்போர்ட் கொடுக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்ற பலத்தில் ரூர் படை விரட்டப்படும். விரட்டப்பட்ட படையின் சப்போர்ட், தாக்குதல் எந்தத் திசையிலிருந்து வந்திருந்தாலும் செல்லாது. பிரெஞ்சுப் படை ரூருக்குப் போய்விட்டது. அப்படியானால் மூனிக்? தடுக்க ஆளில்லாத பர்கண்டிக்குள் ஒற்றைப் பலத்தோடு நுழைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். தலைமடையிலிருந்து வந்தால் சந்தேகமே வராது: ரூரின் மேல் நடக்கும் தாக்குதல் வேறு எதையும் நம்பி நிற்கவில்லை, அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. சொந்த நாட்டுப் படை தாக்கினால் சப்போர்ட் அறுபடாது. உங்கள் சப்போர்ட்டை நீங்களே அறுத்துக்கொள்ள வழியில்லை.

விரட்டப்பட்ட படை எழுதிய ஆர்டர் என்ன ஆகும்?

இரண்டு பதில் இருக்கிறது. எது பொருந்தும் என்பது அந்தப் படை எங்கே போக முயன்றது என்பதைப் பொறுத்தது.

துருக்கி பல்கேரியாவிலிருந்து ருமேனியாவுக்குப் போகிறது, கருங்கடல் சப்போர்ட் கொடுக்கிறது. ருமேனியாவில் இருக்கும் ரஷ்யப் படை பல்கேரியாவுக்குப் போக எழுதியிருக்கிறது. செர்பியாவிலிருந்து ஆஸ்திரியாவும் பல்கேரியாவுக்கே போகிறது. ரஷ்யப் படை விரட்டப்படும். தன்னை விரட்டியவர் புறப்பட்ட இடத்தில் அதற்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது. ஆகவே ஆஸ்திரியா பல்கேரியாவுக்குள் தடையில்லாமல் போகும். "நானும் அங்கேதானே போனேன், முட்டியிருக்க வேண்டாமா?" என்று ரஷ்யா ஆடுபவர் கேட்பார். முட்டாது.

இப்போது ரஷ்யப் படை பல்கேரியாவுக்குப் பதில் புடாபெஸ்டுக்குப் போக எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவிலிருந்து ஆஸ்திரியாவும் புடாபெஸ்டுக்குப் போகிறது. ருமேனியாவில் அது விரட்டப்பட்டாலும், புடாபெஸ்டில் அது ஆஸ்திரியாவை முட்டி நிறுத்தும். தோற்கும்போதும் ஒருவரைத் தடுத்துவிட்டுப் போகலாம் என்பதால், விரட்டப்படுவோம் என்று தெரிந்தாலும் ஆர்டரைச் சிந்தித்து எழுத வேண்டும்.

இரண்டு படைகள் இடம் மாற்றிக்கொள்ளலாமா?

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு படைகள் நேருக்கு நேர் இடம் மாற முடியாது. சம பலமாக இருந்தால் இரண்டும் அப்படியே நிற்கும். மூன்று படைகள் வட்டமாகச் சுற்றலாம்: வியன்னா புடாபெஸ்டுக்கு, புடாபெஸ்ட் டிரியெஸ்டுக்கு, டிரியெஸ்ட் வியன்னாவுக்கு. மூன்றும் நகரும். வெனிஸிலிருந்து இத்தாலி டிரியெஸ்டுக்கு ஒரு படையை அனுப்பினால் புடாபெஸ்ட் படை அங்கே முட்டித் திரும்பும், வட்டம் முழுவதும் நின்றுவிடும்.

கடல் வழியாக என்றால் இரண்டு பேர் மாறிக்கொள்ளலாம். வடகடல் கான்வாயில் லண்டன் படை பெல்ஜியத்துக்கும், ஆங்கிலக் கால்வாய் கான்வாயில் பெல்ஜியத்துப் படை லண்டனுக்கும் ஒரே சுற்றில் போய்ச் சேரலாம்.

இரண்டு பக்கமும் சம பலத்தில் தாக்கினால் நடுவில் நிற்பவர் கதி?

தப்பித்துவிடுவார். மூனிக்கில் ஜெர்மன் படை. பர்கண்டியிலிருந்து பிரான்ஸ் ரூரின் சப்போர்ட்டோடு வருகிறது. பொஹீமியாவிலிருந்து ஆஸ்திரியா டைரோலியாவின் சப்போர்ட்டோடு வருகிறது. இரண்டு பலமும் இரண்டு, ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். மூனிக்கில் ஒற்றை ஆளாக நிற்கும் படைக்கு ஒன்றும் ஆகாது. இதை நியாயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு எதிரிகளுக்குக் கிடைக்கும் தண்டனை என்று பார்த்தால் இது ஆட்டத்தின் சுபாவத்துக்கு மிகவும் பொருந்துகிறது. பேச்சுவார்த்தைதான் ஆட்டத்தின் உயிர். பேசாதவர்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வார்கள்.

மூனிக் படை கீலுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தால் மூனிக் காலியாகவே இருக்கும், தாக்கிய இருவரில் யாரும் உள்ளே வர முடியாது.

என் படையை நானே விரட்டலாமா?

முடியாது. உங்கள் படையை விரட்ட இன்னொருவருக்கு நீங்கள் கொடுக்கும் சப்போர்ட்டும் விரட்டும் கணக்கில் சேராது. பர்கண்டியில் இருக்கும் பிரெஞ்சுப் படை பெல்ஜியத்துக்குப் போக முயன்று, ஹாலந்திலிருந்து வந்த ஜெர்மன் படையோடு முட்டித் திரும்பியது என்றால், அதன் பின்னாலேயே பாரிஸிலிருந்து எத்தனை சப்போர்ட்டோடு வந்த பிரெஞ்சுப் படையும் பாரிஸிலேயே நிற்கும்.

வேண்டுமென்றே முட்டிக்கொள்ள என் இரண்டு படைகளை ஒரே இடத்துக்கு அனுப்பினேன். எதிரி குறுக்கே சப்போர்ட் கொடுத்துக் கெடுத்துவிட்டார். இது செல்லுமா?

செல்லும். நல்ல ஆட்டக்காரர்கள் செய்யும் வேலை இது.

பிரான்ஸ் பாரிஸையும் மார்சேயையும் விட்டுக் கிளம்ப விரும்பவில்லை, ஆனால் பர்கண்டிக்குள் ஜெர்மனி வரவும் கூடாது. அதனால் இரண்டு படைகளையும் பர்கண்டிக்கு அனுப்புகிறார். இரண்டும் முட்டித் திரும்பும், ஒற்றைப் பலத்தோடு வரும் ஜெர்மனியையும் அது தடுக்கும். ஜெர்மனி இதை மோப்பம் பிடித்து, மூனிக் படையை அனுப்பாமல், "பாரிஸ் படை பர்கண்டிக்குப் போக மூனிக் சப்போர்ட்" என்று எழுதிவிட்டால்? பாரிஸ் படைக்கு இப்போது இரண்டு பலம், மார்சேய்க்கு ஒன்று. பாரிஸ் படை பர்கண்டிக்குப் போயே தீரும், பாரிஸ் திறந்து கிடக்கும். கேட்காமல் வந்த சப்போர்ட்டை "வேண்டாம்" என்று மறுக்க விதியில் இடமில்லை.

கான்வாய் செய்யும் கடற்படையைத் தாக்கினால் கான்வாய் நின்றுவிடுமா?

நிற்காது. சப்போர்ட்டுக்கும் கான்வாய்க்கும் இங்கேதான் வித்தியாசம். சப்போர்ட், தாக்கினாலே அறுபடும். கான்வாய், அந்தக் கடற்படை விரட்டப்பட்டால்தான் நிற்கும். நின்றால் தரைப்படை புறப்பட்ட கரையிலேயே இருக்கும். போய்ச் சேர வேண்டிய இடத்தில் அதற்கு எந்தச் செல்வாக்கும் இல்லை, அங்கே யாருடைய சப்போர்ட்டையும் அது அறுக்காது. லண்டனிலிருந்து பெல்ஜியத்துக்கு வடகடல், ஆங்கிலக் கால்வாய் இரண்டிலும் கான்வாய் எழுதப்பட்டு, ஒன்று விரட்டப்பட்டாலும், இப்போதைய விதிப்படி இன்னொன்று வழியாகப் படை போய்விடும்.

கான்வாய் முரண் என்கிறார்களே, அது என்ன?

தலைமடையே இல்லாமல் வாய்க்கால் வட்டமாக ஓடினால் எப்படியிருக்குமோ அதுதான் இது. எங்கள் மேஜையில் அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தால் டீ ஆறிப்போகும்வரை பேச்சு ஓயாது.

எளிய வடிவம் முதலில். பிரெஸ்டிலிருந்து பிரெஞ்சுத் தரைப்படை லண்டனுக்குப் போகிறது, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் பிரெஞ்சுக் கடற்படை கான்வாய். இங்கிலாந்து வேல்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாக்குகிறது, லண்டன் கடற்படை அதற்குச் சப்போர்ட். இப்போது பாருங்கள். கான்வாய் கரை சேர்ந்தால் லண்டனின் சப்போர்ட் அறுந்து, கால்வாய்க் கடற்படை பிழைக்கும், கான்வாயும் சரிதான். சேரவில்லை என்று தொடங்கினால் லண்டனின் சப்போர்ட் செல்லும், கால்வாய்க் கடற்படை விரட்டப்படும், கான்வாய் சேரவில்லை என்பதும் சரிதான். இரண்டு பதிலும் தன்னளவில் முரண் இல்லாதவை. எதை எடுப்பது?

விதிப்புத்தகம் இதற்கு ஒரு முடிவு சொல்கிறது. தன்னைக் கடத்தும் கடற்படையின் மேல் நடக்கும் தாக்குதலுக்கு உதவுகிற சப்போர்ட்டை, கான்வாயில் வரும் தரைப்படை அறுக்காது. ஆகவே லண்டனின் சப்போர்ட் செல்லும், கால்வாய்க் கடற்படை விரட்டப்படும், பிரெஞ்சுத் தரைப்படை பிரெஸ்டிலேயே இருக்கும்.

பாண்டின் முரண் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைவிடக் கொடியது. மேலே சொன்னதோடு, ஜெர்மனியின் கடற்படை ஒன்று பெல்ஜியத்திலிருந்து வடகடலின் சப்போர்ட்டோடு அதே கால்வாயைத் தாக்குகிறது. கான்வாய் கரை சேர்ந்தால் லண்டனின் சப்போர்ட் அறும், வேல்ஸின் பலம் ஒன்றாகும், ஜெர்மனி இரண்டு பலத்தோடு கால்வாய்க் கடற்படையை விரட்டும். அப்படியானால் கான்வாய் சேர்ந்திருக்கவே முடியாது. சேரவில்லை என்றால் லண்டனின் சப்போர்ட் செல்லும், வேல்ஸும் பெல்ஜியமும் இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொள்ளும், கால்வாய்க் கடற்படை பிழைக்கும். அப்படியானால் கான்வாய் சேர்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் தொடங்கினாலும் எதிர்ப்பக்கம் கொண்டுவந்து விடுகிறது.

இங்கேயும் அதே விதி காப்பாற்றுகிறது. லண்டனின் சப்போர்ட் அறுபடாது. தாக்கிய இருவரும் முட்டித் திரும்புவார்கள், கால்வாய்க் கடற்படை நிற்கும், தரைப்படை ஒற்றைப் பலத்தோடு லண்டனை அசைக்க முடியாமல் பிரெஸ்டிலேயே இருக்கும். ஸைக்மன் விதி என்று இன்னொரு தீர்வு இருக்கிறது. முரணை உண்டாக்கும் கான்வாய்ப் படையை நிற்கும் படையாகவே எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. இந்தக் காட்சியில் இரண்டு தீர்வுக்கும் பலகையில் கிடைக்கும் முடிவு ஒன்றுதான். எல்லாக் காட்சியிலும் அப்படியே ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். எந்த விதிப்படி ஆடுகிறோம் என்று முதல் சீட்டு எழுதுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சிக்கல் வந்த பிறகு விதியைத் தேர்ந்தெடுத்தால், நடுவர் ஒருவர் பக்கம் சாய்ந்தார் என்றுதான் ஆகும்.

சீட்டில் தெளிவில்லாமல் எழுதியிருந்தால்?

ஒரே ஒரு பொருள்தான் வர முடியும் என்றால், எப்படிக் கிறுக்கியிருந்தாலும் அந்த ஆர்டர் செல்லும். இரண்டு பொருள் வந்தால் படை நிற்கும்.

தமிழில் எழுதும்போது நாங்கள் ஊர்ப் பெயர்களைச் சுருக்குவதால் இது அடிக்கடி வருகிறது. "லிவ" என்றால் லிவர்பூலும் ஆகலாம், லிவோனியாவும் ஆகலாம். வார்சாவில் இருக்கும் தரைப்படை "லிவ" என்று எழுதினால் அது லிவோனியாதான், வார்சாவிலிருந்து லிவர்பூலுக்குப் போக வழியே இல்லை. ஒருமுறை நார்வேஜியக் கடலில் இருந்த கடற்படைக்கு ஒரு தம்பி "நார்" என்று மட்டும் எழுதியிருந்தார். அங்கிருந்து நார்வேக்கும் போகலாம், நார்த் சீ என்று பலர் எழுதும் வடகடலுக்கும் போகலாம். "அண்ணே, நார்வேதான் நினைச்சேன், எல்லாருக்கும் தெரியுமே!" என்றார். அவர் நார்வேயைத்தான் நினைத்தார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. "நினைச்சதைப் பிரிச்சுப் படிக்க முடியாது தம்பி, சீட்டைத்தான் படிக்கணும்" என்று படையை நிற்க வைத்தேன். அன்று அவருக்கு ஒரு சென்டர் போனது. மனதில் இருந்ததை நடுவர் ஊகிக்க ஆரம்பித்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஜெயித்துக்கொண்டே இருப்பார், அமைதியாக ஆடுபவர் தோற்றுக்கொண்டே இருப்பார்.

ஸ்பெயினுக்கு இரண்டு கரை என்கிறார்களே?

ஸ்பெயின், பல்கேரியா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மூன்றுக்கும் இரண்டிரண்டு கரைகள். கடற்படை போகும்போது இரண்டு கரைக்கும் வழி இருந்தால் எந்தக் கரை என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் படை நகராது. ஒரு கரைக்கு மட்டும் வழி இருந்தால் எழுதாவிட்டாலும் செல்லும்.

சப்போர்ட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்சேயில் இருக்கும் கடற்படையால் ஸ்பெயினின் தெற்குக் கரைக்குத்தான் போக முடியும். ஆனாலும் காஸ்கனியிலிருந்து வடக்குக் கரைக்குப் போகும் கடற்படைக்கு அது சப்போர்ட் கொடுக்கலாம், சப்போர்ட் ஸ்பெயின் முழுவதற்கும் பொருந்தும். மறுபக்கம், ஸ்பெயினின் வடக்குக் கரையில் நிற்கும் கடற்படை லியோன் வளைகுடாவுக்குப் போகும் படைக்குச் சப்போர்ட் கொடுக்க முடியாது. அந்தக் கடற்படையால் அங்கே போகவே முடியாதே.

பேச்சுவார்த்தையில் கையடித்துச் சொன்னார், சீட்டில் வேறு எழுதியிருக்கிறார். நடுவர் கேட்க மாட்டாரா?

கேட்க மாட்டார். பேசியது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. எங்கள் மேஜையில் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே ஆடியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு பேசிக்கொள்ள வேண்டியதை மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது மட்டும்தான் நாங்கள் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு.

விரட்டப்பட்ட படை எங்கே பின்வாங்கலாம்?

பக்கத்தில் இருக்கும் காலி இடத்துக்கு. ஆனால் விரட்டியவர் புறப்பட்ட இடத்துக்குப் போக முடியாது. அதே சுற்றில் இருவர் முட்டிக்கொண்டதால் காலியாக இருக்கும் இடத்துக்கும் முடியாது. மேலே சொன்ன ருமேனியக் காட்சியை எடுங்கள்: ரஷ்யப் படைக்குப் பல்கேரியாவும் இல்லை, தானே முட்டிக் காலியாக்கிய புடாபெஸ்டும் இல்லை. ஆஸ்திரியா விட்டுப்போன செர்பியா, அல்லது யூக்ரேன், கலீசியா, செவஸ்டபோல் காலியாக இருந்தால் அவற்றில் ஒன்று. எங்கும் வழி இல்லாவிட்டால் படை கலைக்கப்படும். இரண்டு படைகள் ஒரே இடத்துக்குப் பின்வாங்கினால் இரண்டும் கலையும். இந்த நேரத்தில் சப்போர்ட் கிடையாது, கான்வாய் கிடையாது, பேச்சும் கிடையாது.

ஒரு சென்டருக்குள் போனவுடன் அது என்னுடையதா?

இலையுதிர் காலச் சுற்று முடியும்போது அங்கே இருந்தால்தான். வசந்தத்தில் நுழைந்து இலையுதிரில் கிளம்பிவிட்டால் அது பழைய உடைமையாளருடையதே. புதுப் படை கட்டுவது உங்கள் சொந்த நாட்டுச் சென்டர்களில் மட்டும், அதுவும் அவை உங்கள் வசம் இருந்து, காலியாகவும் இருந்தால்.

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் கிளம்ப வேண்டி வந்தால்?

இங்கே இது சகஜம். முறைத் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது என்று போன் வந்தால் யாரும் யாரையும் பிடித்து வைக்க மாட்டோம். அவர் இடத்தில் ஆட வேறு ஆள் கிடைத்தால் உட்கார வைக்கிறோம். கிடைக்காவிட்டால் அந்த நாட்டுப் படைகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்றுக்கொன்று சப்போர்ட் கொடுக்காது. மற்ற நாடுகள் அவற்றுக்குச் சப்போர்ட் கொடுக்கலாம். விரட்டப்பட்டால் பின்வாங்காமல் கலையும், புதுப் படையும் கட்டப்படாது. கிளம்புவதற்கு முன் அந்தச் சுற்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஆர்டர்கள் முழுமையாகச் செல்லும். அதனால் போன் வந்தாலும், பைக் சாவியை எடுப்பதற்கு முன் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.